மெக்சிகோவில் போய் 'நான் இந்தியன்' என்று சொல்லலாமா?

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, அதற்குப் பின்னால் வந்த ஆடிட் எல்லாம் ஓய்ந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் தூரம். மெக்சிகோ.

நாக்பூரில் எங்கள் கிளைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவர், நம்ம ஊர்க்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே அலுவலர். அவர் மகனுக்கு மான்டெர்ரே நகரத்தில் ஐடி வேலை. மருமகளும் பேரனும் பின்னாலேயே போகப் போகிறார்கள். என்.ஆர்.ஓ. கணக்கு பற்றிக் கேட்க வந்தவர், போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டார். "சார், அங்கே போய் நான் இந்தியன்னு சொன்னா தப்பா எடுத்துக்கறாங்களாமே, நிஜமா?"

நிஜம்தான். கேள்வி சின்னது. பதில் சொல்ல ஐந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கவுண்டரில் நின்று அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். மெக்சிகோ, ஸ்பெயின் என்று போகிற நம் பிள்ளைகள் இப்போது நிறைய. குவாடலஹாரா, கெரேதாரோ, மான்டெர்ரே எல்லாம் நம் வீடுகளில் சகஜமாகப் புழங்கும் பெயர்கள் ஆகிவிட்டன. என்ன சட்டை எடுத்துப் போகலாம், குக்கர் கொண்டுபோகலாமா என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த வார்த்தையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வடக்கே வாழ்கிற தமிழனுக்கு இது புரியாமல் போகாது. நீங்கள் திருநெல்வேலியோ, திருச்சூரோ, குண்டூரோ, மங்களூரோ, இங்கே எல்லாரும் 'மதராசி'. கூப்பிடுகிறவர் திட்ட நினைத்துக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு முள் குத்துகிறது, இல்லையா? நம்மை யார் என்று தெரிந்துகொள்ளவே மெனக்கெடாத ஒருவர் வைத்த பெயர் அது.

மெக்சிகோவில் அந்தப் பெயர்தான் 'இந்தியோ'. 1492ல் கொலம்பஸ் தான் வந்து சேர்ந்தது ஆசியாவின் ஓரம் என்று நம்பினார். அதனால் அங்கே இருந்தவர்களை இந்தியோக்கள் என்றார். தப்பு சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் பெயரை யாரும் ரத்து செய்யவில்லை. 1521ல் கோர்த்தெஸின் ஆட்கள் அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானைப் பிடித்தபோது நாவா, மாயா, சபோதெக், மிஷ்தெக் என்று தனித்தனிப் பெயரும் மொழியும் கோயிலும் கொண்ட அத்தனை ஜனங்களும் ஒரே தலைப்பின் கீழ் வந்தார்கள். லெட்ஜரில் தப்பான தலைப்பில் போட்ட ஒரு என்ட்ரி முன்னூறு வருஷம் அப்படியே ஒவ்வொரு பக்கமாக கேரி ஓவர் ஆன கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நிஜமான இந்தியாவிலிருந்து மெக்சிகோ போனவர்களை என்ன சொன்னார்கள்? இதுதான் வேடிக்கை. அவர்களை 'சீனோ' என்றார்கள். அதாவது சீனர். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. பட்டு, பீங்கான், மசாலா, கூடவே அடிமைகளும் வந்தார்கள். கப்பலில் வந்தவர் பிலிப்பைன்ஸோ, ஜாவாவோ, வங்காளமோ, மலபாரோ, அகபுல்கோவில் இறங்கியதும் எல்லாரும் சீனோ.

அவர்களில் ஒரு பெண்மணியை மெக்சிகோவில் இன்றும் எல்லாருக்கும் தெரியும். பிறந்த பெயர் மிர்ரா என்று சொல்கிறார்கள். முகலாய நாட்டுப் பெண். சிறுமியாகக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மணிலாவில் விற்கப்பட்டு, 1620ஐ ஒட்டி மெக்சிகோ வந்து, புவெப்லா நகரத்தில் ஒரு வீட்டில் அடிமையாக வேலை செய்தார். கதரீனா தே சான் ஹுவான் என்பது கொச்சியில் வைத்த பெயர். பிற்காலத்தில் விடுதலை கிடைத்து, தவ வாழ்க்கை வாழ்ந்து, ஊரே கும்பிடுகிற அளவுக்குப் புகழ் பெற்று 1688ல் இறந்தார். ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் அவருடைய வாழ்க்கையை மூன்று பெரிய பாகங்களாக எழுதினார். அவ்வளவு புகழ் பெற்ற அந்த இந்தியப் பெண்ணுக்கு மெக்சிகோ வரலாற்றில் நிலைத்த பெயர் 'சீனா பொப்லானா'. புவெப்லாவின் சீனாக்காரி! (நம்மை மதராசி என்றதற்கே இவ்வளவு கோபம் வருகிறது.)

அந்தக் காலத்தில் இந்தப் பெயர் விஷயத்தில் ஒருவருடைய உயிர் வாழ்க்கையே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1542ல் ஸ்பெயின் அரசர் போட்ட புதிய சட்டங்களின்படி இந்தியோக்களை அடிமையாக்கக் கூடாது. சீனோக்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆசியாவிலிருந்து வந்த அடிமைகள் சிலர், 'நாங்களும் இந்தியோக்கள்தான், எங்களை விடுங்கள்' என்று வழக்காடினார்கள். கடைசியில் 1672ல் சீனோக்களையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. அன்றைக்கு இந்தியோ என்ற சொல் ஒரு ஆசிய அடிமைக்குச் சங்கிலியை அறுக்கிற சாவி. இன்றைக்கு அதே சொல் மெக்சிகோ தெருவில் வசவு. நடுவில் என்ன நடந்தது?

நடுவில் நடந்தது சாதி. சும்மா ஒப்பிட்டுச் சொல்லவில்லை, சொல்லே அதுதான். ஆங்கிலத்தில் நாம் 'காஸ்ட்' என்கிறோமே, அது போர்த்துகீசியர்களும் ஸ்பானியர்களும் பேசிய 'காஸ்தா' என்ற சொல். ஒரே சொல் ஒரு பக்கம் கப்பலேறிக் கோவா, கொச்சி வழியாக நம் ஊருக்கு வந்து நம் ஜாதிக்குப் பெயரானது. இன்னொரு பக்கம் அட்லாண்டிக் தாண்டி மெக்சிகோவில் கலப்புப் பிறப்புகளுக்குப் பெயரானது. ஸ்பானியருக்கும் இந்தியோவுக்கும் பிறந்தால் மெஸ்தீசோ. ஸ்பானியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்தால் முலாட்டோ. அதற்குமேல் கலந்தால் லோபோ (ஓநாய்), கொயோதே (குள்ளநரி மாதிரி ஒரு பிராணி), இப்படியே போகும். 18ஆம் நூற்றாண்டில் இதை வரிசையாகப் படம் வரைந்தே வைத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பிள்ளை, கீழே பிள்ளையின் சாதிப் பெயர். வழக்கமாக ஒரு வரிசைக்குப் பதினாறு படம். மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் தெபோத்சோத்லான் அருங்காட்சியகத்தில் பதினாறும் ஒரே துணியில் வரைந்த ஓவியம் இருக்கிறது. கடைசிக் கட்டங்களில் வருகிற சில பெயர்களைப் பாருங்கள். 'அந்தரத்தில் நில்' என்று ஒரு சாதி. 'நீ எனக்குப் புரியவில்லை' என்று இன்னொரு சாதி. நான் கேலிக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். வகை பிரிக்கிற பைத்தியம் முற்றினால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும் போல.

இந்த ஏணியில் இந்தியோவுக்கு இடம் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. தனித் தெரு, தனி வரி. மரியாதை மட்டும் கிடையாது. மெக்சிகோ சுதந்திரப் போராட்டம் வெறுமனே ஸ்பெயினை எதிர்த்தது மட்டும் அல்ல, இந்த ஏணியையும் எதிர்த்தது. 1813ல் போராட்டத் தலைவர், பாதிரியார் ஹோசே மரியா மொரேலோஸ் வைத்த அறிக்கையிலேயே அடிமை முறையும் சாதி வேற்றுமையும் ஒழியவேண்டும் என்று இருக்கிறது. 1821ல் சுதந்திரம். 1822ல், பதிவேடுகளில் ஒருவரை அவர் பிறப்பு வகையைச் சொல்லிக் குறிக்கக் கூடாது என்று உத்தரவு. 1829ல் ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த விசென்தே குவெர்ரேரோ ஜனாதிபதியாகி அடிமை முறையை ஒழித்தார். வஹாகா மலைக் கிராமத்தில் பிறந்து, சபோதெக் தவிர வேறு மொழி தெரியாமல் வளர்ந்த பெனீதோ ஹுவாரெஸ் 1858ல் ஜனாதிபதியானார்.

சட்டத்தில் போனது வாயிலிருந்து போகவில்லை. நமக்கு இது புதுசா என்ன? பதிவேட்டிலிருந்து வெளியேறிய இந்தியோ என்ற சொல், சமையலறையிலும் தெருச் சண்டையிலும் போய்க் குடியேறிவிட்டது. நாகரிகம் தெரியாதவன், படிக்காதவன், கறுப்பன் எல்லாவற்றுக்கும் அதே சொல்.

இப்போது அந்த ரயில்வே அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அகராதிப்படி 'சோய் இந்தியோ' (நான் இந்தியன்) என்பது சரி. ஆனால் கேட்கிற மெக்சிகோக்காரர் சங்கடப்படுவார், அல்லது சிரிப்பை அடக்குவார். அதைவிட மோசம், அலுவலகத்தில் காபி கொண்டுவருகிற அம்மாவோ, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணோ பக்கத்தில் இருந்தால் அவருக்கு வலிக்கும். நீங்கள் உங்களைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் மெக்சிகோவில் இந்தியர்களை 'இந்தூ' என்கிறார்கள். ஹிந்து என்று எழுதி, ஸ்பானிஷில் முதல் எழுத்து ஒலிக்காது என்பதால் இந்தூ. மதத்தைக் குறித்து அல்ல, நாட்டைக் குறித்து. ஸ்பானிஷ் அகராதியே இந்த அர்த்தத்தை ஏற்றுக்கொள்கிறது. நாகூர் தம்பியும் நாகர்கோவில் கிறிஸ்தவரும் அங்கே போனால் 'இந்தூ'தான்! 'நான் இந்து இல்லை' என்று அவர் மறுத்தால் 'அப்படியானால் இந்தியாவிலிருந்து வரவில்லையா' என்று கேட்பார்கள். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, தங்கள் ஊர்க்காரரை அவமானப்படுத்தாத ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துத்தான் நம்மை அப்படிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு சிக்கலும் வேண்டாம் என்றால் ஒரே வாக்கியம் போதும். 'சோய் தே லா இந்தியா.' இந்தியாவிலிருந்து வருகிறேன். யாருக்கும் குத்தாது.

மெக்சிகோவின் பூர்வகுடிகளைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் 'இந்திஹெனா' என்பது பொதுவான மரியாதைச் சொல். அதைவிட நல்லது, நாவா, மாயா, மிஷ்தெக் என்று அவரவர் பெயரையே சொல்வது. அவர்கள் பேசுவதை 'தியாலெக்தோ', வட்டார வழக்கு, என்று நகரத்து ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு நீங்களும் சொல்லாதீர்கள். 2003ல் வந்த மொழியுரிமைச் சட்டத்தின்படி அவை தேசிய மொழிகள். அரசுப் பட்டியலில் 68 மொழிகள் இருக்கின்றன. தமிழை 'ரீஜனல் லாங்குவேஜ்' என்றால் மூக்கு விடைக்கிற நாம், நாவா மொழியை வட்டார வழக்கு என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. நாம் தினமும் சொல்கிற தக்காளியின் ஆங்கிலப் பெயரே, டொமேட்டோ, நாவா மொழி கொடுத்ததுதான். சாக்லேட்டும் அங்கிருந்து வந்ததே.

சரி, பெயர் விஷயத்தில் இவ்வளவு நேரம் நின்றுவிட்டேன். புதிதாகப் போன ஒருவர் அங்கே மயிரிழையில் தப்பித்த கதை ஒன்று.

1839 டிசம்பரில் ஒரு தம்பதி மெக்சிகோவில் வந்து இறங்கினார்கள். கணவர் ஆன்ஹெல் கால்தெரோன் தே லா பார்கா, சுதந்திர மெக்சிகோவுக்கு ஸ்பெயின் அனுப்பிய முதல் தூதர். மனைவி ஃபேனி, எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி. பத்து வருஷத்துக்கு முன்னால்தான் ஸ்பானியர்களை நாட்டைவிட்டே வெளியேற்றச் சட்டம் போட்ட ஊர் அது. அங்கே ஸ்பெயின் தூதர் வீட்டில் விழுகிற ஒவ்வொரு தும்மலுக்கும் அர்த்தம் பார்ப்பார்கள்.

வந்த சில வாரத்தில் ஒரு தர்மகாரியத்துக்காக மாறுவேட நடன விருந்து. உள்ளூர் உடை போட்டுக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள் என்று ஃபேனி நினைத்தார். எது உள்ளூர் உடை? அதே சீனா பொப்லானா! ஜிகினா வைத்த பாவாடை, எம்ப்ராய்டரி ரவிக்கை, மேலே சால்வை. பார்க்க அழகான உடை. நம் கதரீனா அம்மாள் போட்ட உடை இது என்று பின்னால் கட்டிவிட்ட கதையை வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. தூதர் மனைவி அதைப் போடப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. உடனே வீட்டுக்கு யார் வந்தார்கள் தெரியுமா? மந்திரிகள். போர் மந்திரி உள்பட மூன்று மந்திரிகளும் வேறு சிலரும் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, தயவுசெய்து வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த உடையைப் போடுகிற பெண்களுக்கு நல்ல பெயர் இல்லை, அவர்கள் காலுறைகூடப் போடமாட்டார்கள் என்று விளக்கம் வேறு. ஃபேனி வாதாடவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்.

இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது பிற்பாடு நடந்ததுதான். எண்பது வருஷத்துக்குள் அதே சீனா பொப்லானா மெக்சிகோவின் தேசிய உடை என்று கொண்டாடப்பட்டது. 1919ல் ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவா அதை உடுத்தி மெக்சிகோ நகர மேடையில் ஆடினார், ஊரே கைதட்டியது. ஆக, உடை தப்பா சரியா என்பது உடையில் இல்லை. எந்த வருஷம், யார் போடுகிறார்கள், எதற்காக என்பதில் இருக்கிறது. இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஊரில் நமக்கு வேண்டிய ஒருவர் வந்து 'வேண்டாமே' என்று சொல்லவேண்டும், நாமும் காது கொடுக்கவேண்டும். ஃபேனி 1843ல் வெளியிட்ட 'லைஃப் இன் மெக்சிகோ' நல்ல புத்தகம். ஆரம்பத்தில் புல்கே (கற்றாழைக் கள்) வாடையே பிடிக்கவில்லை என்றவர், போகப்போக அதற்கும் பழகிவிடுகிறார்.

அவர் குறித்து வைத்த ஒரு வழக்கம் இன்றும் இருக்கிறது. மெக்சிகோக்காரர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது 'சு காசா' என்பார்கள். உங்கள் வீடு. 'நேற்று உங்கள் வீட்டில் விருந்து வைத்தேன்' என்று ஒருவர் சொன்னால் பதறவேண்டாம், அவர் வீட்டில்தான். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் இங்கே தலையைச் சொறிவார்கள். தமிழ்க் குடும்பத்துக்கு இதில் என்ன கஷ்டம்? 'ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்களேன்' என்று நாம் சொல்வதில்லையா? அந்த 'நம்ம'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முடியாது. ஸ்பானிஷில் முடியும்.

என்னைக் கேட்டால் நம் பிள்ளைகள் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் மேல் கட்டாமல் தமிழின் மேல் கட்டவேண்டும். 'து' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். பெரியவரிடம், அதிகாரியிடம், கடைக்காரரிடம், வேலைக்கார அம்மாவிடம் உஸ்தெத். (கடைசி ஆளை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் அங்கேதான் 'நீ, வா, போ' வரும்.) காதில் சரியாக விழவில்லை என்றால் 'கே' (என்ன) என்று கேட்டால் வெடுக்கென்று இருக்கும். 'மாந்தே' என்பார்கள். நேர் அர்த்தம் 'உத்தரவிடுங்கள்'. நாம் போனை எடுத்து 'சொல்லுங்க' என்கிற தொனி. காலனி காலத்து அடிமைப் புத்தி என்று சில மெக்சிகோக்காரர்களே இதைக் கடிந்துகொள்வார்கள். அந்தச் சண்டை அவர்களுடையது, புதிதாகப் போனவர் அதில் தலையிடவேண்டாம். 'அஓரீதா' என்றால் அகராதியில் 'இப்பவே', நடைமுறையில் நம்ம 'இதோ வந்துட்டேன்'. பிளம்பர் சொன்னால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

படிப்பையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். டிகிரி வாங்கியவர் 'லிசென்சியாதோ', இன்ஜினியர் என்றால் 'இன்ஹெனியெரோ', கணக்குப் படித்தவர் 'கோந்தாதோர்'. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வெறும் 'சார்' ஆகவே இருக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'கார்னே' என்றால் அகராதியில் இறைச்சி. ஹோட்டலில் பெரும்பாலும் மாடு, பன்றி என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 'கார்னே வேண்டாம்' என்றால் கோழி வரலாம். ஸ்பானியர்கள் பன்றியைக் கொண்டுவந்ததிலிருந்து மெக்சிகோ சமையலில் பன்றிக் கொழுப்பு புகுந்துவிட்டது. பீன்ஸ் மசியலில்கூட இருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். முகத்தைச் சுளிக்காமல் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் தினம். மண்டையோட்டுப் பொம்மைகளைப் பார்த்துவிட்டு இது அமெரிக்க ஹாலோவீன் என்று நினைத்து வேஷம் போட்டுக்கொண்டு கிளம்பினால் நிஜமாகவே தப்பு. அது நம்ம படையல். தாத்தா படம், அவருக்குப் பிடித்த சாப்பாடு, தண்ணீர், மெழுகுவர்த்தி, ஊர் முழுக்க மஞ்சள் பூ. பூ எது தெரியுமா? நாம் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்கிறோமே, இங்கே வடக்கே கேந்தா என்று தீபாவளிக்குத் தோரணம் கட்டுகிறார்களே, அதுதான். அதன் சொந்த ஊரே மெக்சிகோ. படையலில் இருப்பதைத் தொடாதீர்கள், கல்லறையில் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமூலா என்ற ஊர்த் தேவாலயத்துக்குள் போட்டோவே கூடாது.

இன்னொன்றும் போகிறபோக்கில். மே 5 மெக்சிகோ சுதந்திர தினம் அல்ல. அது 1862ல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. முதல் நாள் இரவே கொண்டாட்டம் தொடங்கிவிடும்.

வங்கிக்காரன் என்பதால் படிவத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. மெக்சிகோவில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. ஜனாதிபதியாக இருந்த ஆந்த்ரெஸ் மனுவேல் லோபெஸ் ஓப்ரதோர் என்றால் லோபெஸ் அப்பா வழி, ஓப்ரதோர் அம்மா வழி. கடைசிப் பெயரை மட்டும் எடுத்து 'மிஸ்டர் ஓப்ரதோர்' என்றால் அப்பாவை விட்டுவிட்டு அழைத்த மாதிரி. கல்யாணம் ஆனாலும் பெண்ணின் சட்டப்படியான பெயர் மாறுவதில்லை.

இந்த ஊருக்கு இனிஷியல் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தமிழன் போகிறான்! இந்தியாவுக்குள்ளேயே 'சர்நேம் என்ன' என்று கேட்டு நம்மைப் படுத்துகிறார்கள். அங்கே இரண்டு கேட்பார்கள். அடையாள எண்ணான கூர்ப் பதினெட்டு எழுத்து, எண் கொண்டது. அதில் இரண்டு குடும்பப் பெயரின் எழுத்துகளும் வரவேண்டும். இரண்டாவது இல்லாதவருக்கு அந்த இடத்தில் எக்ஸ். பரவாயில்லை, எக்ஸ் போட்டே காலம் தள்ளலாம். குழந்தை அங்கே பிறந்தால்தான் யோசிக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் சர்நேம் சுப்பிரமணியன் (அதாவது தாத்தா), அம்மாவின் சர்நேம் ராமசாமி (இன்னொரு தாத்தா) என்று இருந்தால், பிறப்புப் பதிவில் பிள்ளை கவின் சுப்பிரமணியன் ராமசாமி ஆகிவிடுவான். இரண்டு தாத்தாவும் வரிசையில் நிற்பார்கள். எனக்கு இது பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பெயர் வேறாக இருந்தால் அலையவேண்டி வரும். கணவன் மனைவி இருவர் பாஸ்போர்ட்டிலும் பெயர், ஸ்பெல்லிங் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நமக்கு முன்னால் அங்கே போய் வாழ்ந்த இரண்டு இந்தியர்கள்.

முதலாமவர் எம்.என்.ராய். நரேந்திரநாத் பட்டாச்சார்யா என்ற வங்காளப் புரட்சிக்காரர், பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி அமெரிக்கா போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு, 1917ல் மெக்சிகோ வந்து சேர்ந்தார். ஸ்பானிஷ் கற்றார். 1918லேயே இந்தியாவைப் பற்றி அந்த மொழியில் புத்தகம் போட்டார். 1919ல் மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். 1920ல் மாஸ்கோ மாநாட்டில் மெக்சிகோவின் பிரதிநிதியாகப் போய் உட்கார்ந்தார். ஒரு வங்காளி! படிக்கச் சுவாரசியமான வாழ்க்கை, பின்பற்ற அல்ல. ஏனென்றால் அவர் போய் இறங்கிய அதே 1917ல் வந்த மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு, வெளிநாட்டார் உள்நாட்டு அரசியலில் தலையிடக் கூடாது, தலையிட்டால் ஜனாதிபதி வெளியேற்றலாம் என்கிறது. அன்றைய ஆட்சியாளர்களின் தயவு இருந்ததால் ராய் தப்பித்தார். இத்தாலியப் புகைப்படக் கலைஞர் தீனா மொதோத்தி 1930ல் நாடுகடத்தப்பட்டார். 2011ல் அந்தப் பிரிவைத் திருத்தி விசாரணை இல்லாமல் அனுப்பக் கூடாது என்று ஆக்கினார்கள், தலையிடக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. சக ஊழியர்கள் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டால் சிரித்து மழுப்பிவிடுவது நல்லது.

இரண்டாமவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நாக்பூருக்கு அருகே வர்தாவில் பிறந்த பாண்டுரங்க கான்கோஜே. கதர் கட்சிக்காரர். ஆயுதப் புரட்சிக்காக நாடு நாடாக அலைந்துவிட்டு 1924ல் மெக்சிகோ போனார். சபிங்கோ விவசாயக் கல்லூரியில் வாத்தியார் ஆனார். மக்காச்சோளத்தில் நல்ல ரகங்களுக்காக ஆராய்ச்சி செய்தார். ஏழை விவசாயிகளுக்குக் கட்டணமில்லாத விவசாயப் பள்ளிகள் நடத்தினார். மக்காச்சோளம் மெக்சிகோவில் வெறும் தானியம் இல்லை, சாமி. பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷம் பேணி வளர்த்த பயிர். அந்த விவசாயிகளோடு வயலில் நின்று, அவர்கள் மொழியில் பேசி, முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார் வர்தாக்காரர். சுதந்திரத்துக்குப் பின் நாக்பூர் திரும்பி 1967ல் இங்கேயே காலமானார். 2022ல் சபிங்கோவில் அவருக்குச் சிலை வைத்தார்கள், நம் மக்களவை சபாநாயகர் போய்த் திறந்தார்.

சிலையைவிட ஒரு படம் முக்கியம். ஓவியர் தியேகோ ரிவேரா அவருக்கு நண்பர். மெக்சிகோ நகரத்தின் மையத்தில் கல்வி அமைச்சகக் கட்டடத்துச் சுவர்களில் ரிவேரா வரைந்த ஓவியங்களில் ஒன்றின் பெயர் 'எங்கள் ரொட்டி'. ஒரு மேஜை. சுற்றிலும் பல நிறத்து ஜனங்கள், தொழிலாளி, விவசாயி, குழந்தைகள். நடுவில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பவர் கான்கோஜே என்று சொல்கிறார்கள். 2024ல் அந்தக் கட்டடத்தைச் சுவரோவிய அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். மான்டெர்ரேயிலிருந்து மெக்சிகோ நகரத்துக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லி அந்த ரயில்வே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.